பழைய பாய்ப்படகு வின்ச்: கழற்றுவது, கழுவுவது, திரும்பப் பூட்டுவது

முட்டம் பாய்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். கொச்சியில் பல வருடங்களாகக் கரையேறிக் கிடந்த 26 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வாங்கி வந்து, முட்டத்தில் எங்கள் கொட்டகையில் ஏற்றி வைத்திருக்கிறேன். உடலில் விரிசல் எதுவும் இல்லை. பாய்மரமும் நேராக நிற்கிறது. கவலை எல்லாம் அதிலுள்ள நான்கு வின்ச்சுகளை, அதாவது கயிற்றை டிரம்மில் சுற்றிக் கைப்பிடியால் இழுக்கும் கருவிகளைப் பற்றித்தான்.

பாய்மரத்தை ஒட்டிப் பாய் ஏற்றுவதற்கான சிறிய வின்ச்சுகள் இரண்டு. அவற்றில் லூமார் என்று பொறித்திருக்கிறது. கடினமாகச் சுற்றினாலும் சுற்றுகின்றன. பின்பக்கம், பாயைக் காற்றுக்கு ஏற்ப இழுத்துப் பிடிக்கும் தாமான் கயிற்றுக்கான பெரியவை இரண்டு. ஒன்று குரோம் பூசிய வெண்கலம், பேரியன்ட் என்ற பெயர் இருக்கிறது. இரண்டு வேகம் கொண்டது. கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றினால் வேகமாகவும், எதிர்ப்பக்கம் சுற்றினால் மெதுவாகவும் டிரம் ஓடுகிறது. ஆனால் 'டக் டக்' சத்தம் சீராக வருவதில்லை. கயிற்றைப் போட்டு இழுத்துப் பார்த்தபோது ஒருமுறை பின்னோக்கி நழுவிவிட்டது. இன்னொன்று கறுப்பு அலுமினிய டிரம். அது அசையவே மறுக்கிறது.

இங்கே ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். "துப்பாக்கி வைத்து கிரீஸ் அடித்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்றார். கிரீஸ் அடிக்கும் நிப்பிளையே நான் அதில் காணவில்லை. இவற்றை நாமே கழற்றிச் சீர்செய்ய முடியுமா? அல்லது பழைய இரும்புக் கடைக்குப் போகவேண்டியவைதானா? புதியது வாங்கும் வசதி இப்போது எனக்கு இல்லை.

தூத்தூர் கடலோடி

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். பின்னோக்கி நழுவிய அந்த வின்ச்சில் இனி ஒருமுறைகூடப் பாரம் ஏற்ற வேண்டாம். எங்கள் ஊர்க்காரர்கள் சுறாவும் சூரையும் தேடி அரபிக்கடல் முழுவதும் போகிறவர்கள். நான் வளைகுடாவில் பாய்ப்படகுகளில் வேலை செய்யப் போனவன். அங்கே காற்று நிறைந்த பாயின் தாமானை இழுத்துக்கொண்டிருந்தபோது வின்ச்சின் உள்ளே நாக்கு விட்டுப்போய், கைப்பிடி எதிர்ப்பக்கம் சுழன்று உடன் வேலை செய்தவரின் மணிக்கட்டை முறித்தது. நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன்.

உள்ளே நடப்பது இதுதான். டிரம்முக்குள் பல் வெட்டிய வளையம் ஒன்று இருக்கும். தண்டிலோ கியரிலோ விரல் நுனியளவு நாக்குகள் இரண்டு, சில வின்ச்சுகளில் அதற்கும் மேல், பொருத்தியிருப்பார்கள். ஒவ்வொரு நாக்கின் பின்னாலும் மெல்லிய கம்பி ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங்தான் நாக்கை வெளியே தள்ளிப் பல்லில் மாட்டவைக்கிறது. முன்னோக்கிச் சுற்றும்போது நாக்கு பல்லின் மேல் ஏறி ஏறி விழுகிறது. நீங்கள் கேட்கும் 'டக் டக்' அதுதான். பின்னோக்கி இழுபட்டால் பல்லில் முட்டி நின்றுவிடும். நூற்றுக்கணக்கான கிலோ பாரம் முழுவதும் அந்தச் சிறு நாக்குகளின் மேல்தான் நிற்கிறது.

நாக்கு ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் காரணம் காய்ந்துபோன பழைய கிரீஸ். கிரீஸ் போதவில்லை என்று நினைத்து மேலும் மேலும் திணிப்பதால் வரும் கேடு இது. துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். கழற்றுங்கள். நிச்சயம் முடியும். கழற்றிப் பூட்டுவதற்கென்றே வடிவமைத்த பொருள்தான் அது.

கப்பல் ஃபிட்டர்

கப்பல் பட்டறையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கடலோடி சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். கழற்றும் முறையைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்து, அடியில் டிரம்மின் அளவுக்குச் சரியாக ஓட்டை வெட்டி, வின்ச்சின் மேல் கவிழாமல் நிமிர்ந்த நிலையில் இறக்குங்கள். வின்ச் பெட்டிக்குள் நிற்க வேண்டும். தெறிக்கும் ஸ்பிரிங் பெட்டிக்குள்ளேயே விழும். கரையில் இருக்கும் படகுக்கு இது எதற்கு என்று நினைக்காதீர்கள். முட்டத்து மணலில் விழுந்த ஸ்பிரிங்கும் கடலில் விழுந்த ஸ்பிரிங்கும் ஒன்றுதான். படகின் தண்ணீர் வடியும் துளைகளையும் துணியால் அடைத்துவிடுங்கள்.

டிரம்மின் உச்சியைப் பாருங்கள். ஒன்று சர்க்கிளிப் (பள்ளத்தில் மாட்டும் வளையப் பூட்டு) இருக்கும், அல்லது நடுவில் திருகும் மூடி, அல்லது சிறு ஸ்குரூக்கள். உப்பைச் சுரண்டி, தலை முழுவதும் தெரிந்த பிறகே ஸ்குரூ டிரைவரை வையுங்கள். பிறகு டிரம்மை நேராக, மிக மெதுவாகத் தூக்குங்கள். இங்கேதான் பலரும் பொருளை இழக்கிறார்கள். உள்ளிருக்கும் ரோலர் பேரிங் கூடு, டிரம்மின் உட்புறத்தில் கிரீஸால் ஒட்டிக்கொண்டு கூடவே மேலே வரும், பாதி வழியில் கழன்று விழும். ஒரு கை டிரம்மின் அடியில் இருக்கட்டும்.

டிரம் வந்ததும் தொடாமல் ஒரு படம் எடுங்கள். பேரிங் கூடுகள், இடையில் போட்டிருக்கும் வாஷர்கள், கியர்களின் தண்டுகள், கியர்கள் என்று ஒவ்வொன்றாக எடுத்து, வெள்ளைத் துணியில் இடமிருந்து வலமாக, எடுத்த வரிசையிலேயே வையுங்கள். ஒவ்வொன்றும் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்பதும் முக்கியம். ஆகவே புரட்டாமல் வையுங்கள். நாக்கு உள்ள கியரை எடுக்கும்போது நாக்குகளை இரு விரல்களால் உள்ளே அழுத்திப் பிடித்துக்கொண்டு எடுக்க வேண்டும். சில மாடல்களில் நடுத்தண்டைப் பிடித்து நிறுத்த இரண்டு அரைவட்டத் துண்டுகள் அடியில் இருக்கும். அவற்றை எடுக்காமல் தண்டு வராது. வரவில்லை என்று சுத்தியலால் தட்டிவிடாதீர்கள்.

ஒன்றைக் கழற்றிச் சுத்தம் செய்து முழுவதும் பூட்டி முடித்த பிறகே அடுத்ததைத் திறக்க வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் சிறிய வின்ச்சுகள் இரண்டும் ஒரே மாடல். அவற்றில் ஒன்று பூட்டியபடி இருந்தால் மற்றதற்கு அதுவே வரைபடம்.

சின்னமுட்டம் விசைப்படகு

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு விசைப்படகு. மடி வலையை இழுக்கும் வின்ச்சைத் தடைக்காலம் தோறும் பிரித்துப் பூட்டுகிறோம். வயர் ரோப்புக்கும் கியருக்கும் கறுப்பு கிராஃபைட் கிரீஸை வாரிப் பூசுவதுதான் எங்கள் வழக்கம். உப்புத் தண்ணீர் உள்ளே நுழைய இடமே இருக்காது, வருடம் முழுவதும் ஓடுகிறது. அப்படியிருக்கப் பாய்ப்படகு வின்ச்சுக்கு மட்டும் கிரீஸ் ஏன் ஆகாது? குறை சொல்லக் கேட்கவில்லை, காரணம் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

இயந்திரவியல் ஆசிரியை

அண்ணா, நியாயமான கேள்வி. நாகர்கோவிலில் பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயந்திரப் பாகங்கள் பாடம் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

உங்கள் மடி வின்ச் என்ஜின் பலத்தில் ஓடுவது. கனமான இரும்புக் கியர், கிளட்ச், பிரேக் உண்டு. பாரத்தைத் தாங்கி நிறுத்துவது பிரேக். கிரீஸ் கெட்டியாக இருந்தாலும் என்ஜின் அதை உடைத்துக்கொண்டு ஓடும். பாய்ப்படகு வின்ச்சில் ஓட்டுவது மனிதனின் கை, நிறுத்துவது அந்த நாக்கு. நாக்கை வெளியே தள்ளும் ஸ்பிரிங் மெல்லிய கம்பி, விரல் நகத்தால் அழுத்தினாலே அமுங்கும். கெட்டியான கிரீஸில் மாட்டிய நாக்கைத் தள்ளிவிடும் பலம் அதற்குக் கிடையாது.

ஆகவே இடத்துக்கு இடம் மசகு வேறு. கியர்ப் பற்களுக்கும் ரோலர்களுக்கும் நீர் தாங்கும் கடல்சார் கிரீஸ், அதுவும் தூரிகையால் மெல்லிய படலமாக மட்டும். பல்லின் நிறம் கிரீஸின் ஊடே தெரிய வேண்டும். நாக்குக்கும் ஸ்பிரிங்குக்கும் கிரீஸ் ஒரு பொட்டும் கூடாது, மெல்லிய இயந்திர எண்ணெய் ஒரு சொட்டு போதும். தையல் இயந்திரத்துக்குப் போடும் எண்ணெய் அந்த வேலையைச் செய்யும். சீக்கிரம் கழுவப்பட்டுப் போகும் என்பதால் அடிக்கடி விட வேண்டும், அவ்வளவுதான்.

கிராஃபைட் கிரீஸை இங்கே பயன்படுத்தவே கூடாது. கிராஃபைட் மின்சாரம் கடத்தும். அலுமினியத்துடன் சேர்ந்து உப்புத் தண்ணீரும் பட்டால் அலுமினியம் அரித்துப்போகும்.

நம் மாவட்டத்துக்கென்று இன்னும் இரண்டு எச்சரிக்கைகள். வீட்டில் கைக்கு எட்டுவது தேங்காய் எண்ணெய். அது 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும், நாள்பட்டால் பிசுபிசுக்கும். மார்கழி விடியலில் நாக்கு எழுந்து வராது. வள்ளத்துப் பலகைக்குப் பூசும் மீன் எண்ணெய் இதைவிட மோசம். காற்றுப் பட்டுக் காய்ந்து படலமாகும் குணம்தான் பலகையைக் காக்கிறது. அதே குணம் வின்ச்சுக்குள் நாக்கை ஒட்டவைத்துவிடும்.

கச்சான் காற்று

நான் கட்டுமரத்தில் பாய் வைத்து ஓடிய தலைமுறை. அந்தப் பாய்க்கு வின்ச் ஏது? தாமானைக் கையில் பிடித்தால் காற்றின் பலம் முழுவதும் உள்ளங்கையில் தெரியும். கூடும்போது இளக்கு, குறையும்போது இழு. இவ்வளவு பல்லும் சக்கரமும் கொண்ட பொருளைப் பாய்ப்படகில் வைப்பதைப் பார்க்க எனக்கு வியப்பாக இருக்கிறது. இதில் பலம் எவ்வளவு கூடுகிறது? கணக்கு தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். தம்பி பாய்ப்படகு வாங்கியிருப்பது எனக்கு மனதார மகிழ்ச்சி. வெளிப்பொருத்து என்ஜின் வந்த பிறகு பாயைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்து போனதிலிருந்து, என்ஜின் நின்றால் கரை சேர ஒரு சிறு பாயாவது படகில் இருக்க வேண்டும் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன். கேட்பவர் குறைவு.

இயந்திரவியல் ஆசிரியை

ஐயா, கணக்கு எளிது. கைப்பிடியின் நீளத்தை டிரம்மின் ஆரத்தால் வகுத்து, கியர் விகிதத்தால் பெருக்க வேண்டும். வழக்கமான கைப்பிடி 10 அங்குலம், அதாவது 254 மில்லிமீட்டர். டிரம்மின் விட்டம் 75 மில்லிமீட்டர் என்றால் ஆரம் 37.5. வகுத்தால் ஏறக்குறைய 6.8 வரும். கைப்பிடி ஒரு சுற்றுக்கு டிரம்மும் ஒரு சுற்று போகும் நேரடி வேகத்தில் பலம் இவ்வளவு மடங்கு. இரண்டாவது வேகத்தில் டிரம் ஒரு சுற்று சுற்றக் கைப்பிடி ஐந்து சுற்று வேண்டும் என்று வைத்துக்கொண்டால் 34 மடங்கு. கையால் 15 கிலோ பலம் கொடுத்தால் கணக்குப்படி 500 கிலோவுக்கு மேல். உராய்வில் ஒரு பகுதி போய்விடும். கிரீஸ் காய்ந்த வின்ச்சில் பெரும்பகுதி போய்விடும்.

இப்போதைய வின்ச்சுகளில் 16, 30, 40 என்று போட்டிருக்கும் எண், ஏறக்குறைய இந்தப் பலப் பெருக்கத்தைத்தான் குறிக்கிறது. பழைய வின்ச்சில் எண்ணைப் பார்க்காமல் அளந்து கணக்கிடுவது நல்லது.

கட்டுமரத்தின் பாய்க்கு இது தேவையில்லை என்பது முற்றிலும் உண்மை. 26 அடிப் படகின் முன்பாயில் காற்று ஏறினால் தாமானைக் கையால் மட்டும் இழுத்து நிறுத்த முடியாது.

முட்டம் பாய்க்காரன்

வெண்கல வின்ச்சைத் திறந்துவிட்டேன். ஃபிட்டர் ஐயா சொன்ன அட்டைப்பெட்டி இல்லையென்றால் ஒரு ஸ்பிரிங் நிச்சயம் போயிருக்கும். பெட்டியின் மூலையில் கிடந்து எடுத்தேன்.

உள்ளே கண்டது: பழுப்பேறி மெழுகாக இறுகிய கிரீஸ். அதை மரக்குச்சியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. நான்கு நாக்குகளில் இரண்டு பள்ளத்திலிருந்து எழவே இல்லை. ஒன்றின் முனை உடைந்திருக்கிறது. ஒரு ஸ்பிரிங் இரண்டாக முறிந்திருக்கிறது. கியர்ப் பற்கள் நன்றாக இருக்கின்றன. ரோலர்களில் துருவோ குழியோ இல்லை. பேரிங் கூடு பிளாஸ்டிக், ஒன்றில் மட்டும் மெல்லிய வெடிப்பு. அடித்தட்டில் தண்ணீர் வடியும் சிறு துளைகள் இரண்டும் கிரீஸால் அடைபட்டு, அடியில் உப்பு படிந்திருந்தது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். பெட்ரோல் சீக்கிரம் வேலை செய்யும் என்றார்கள், கொட்டகையில் தீ பிடிக்கும் பயத்தால் தவிர்த்துவிட்டேன். கறுப்பு வின்ச் இன்னும் அசையவில்லை. மேலே இருந்த சர்க்கிளிப்பை எடுத்தாயிற்று, டிரம் மட்டும் ஒரு நூலும் எழவில்லை. உடைந்த நாக்குக்கு என்ன செய்வது?

கப்பல் ஃபிட்டர்

பெட்ரோலைத் தவிர்த்தது சரி. மண்ணெண்ணெய்க் குளியல் முடிந்ததும் பாத்திரம் தேய்க்கும் சோப்பும் நல்ல தண்ணீரும் கொண்டு கழுவி, வெயிலில் நன்றாக உலர்த்திய பிறகே புதிய கிரீஸ். அழுக்கு மண்ணெண்ணெயைப் பொழியில் ஊற்றிவிடாமல் டப்பாவில் சேர்த்து வையுங்கள். வடிகால் துளைகளைக் குத்தித் திறந்துவிடுங்கள், மிக முக்கியம். உள்ளே வரும் தண்ணீர் வெளியேற அவை மட்டுமே வழி.

இனி அந்தக் கறுப்பு வின்ச். அலுமினிய டிரம், உள்ளே துருப்பிடிக்காத எஃகுத் தண்டு அல்லது வெண்கலம். இரண்டு வெவ்வேறு உலோகங்களுக்கு நடுவே உப்புத் தண்ணீர் நின்றால், அலுமினியம்தான் தன்னைக் கொடுத்து அரிபடும். அந்த அரிப்பின் வெள்ளைத் தூள், அலுமினியம் இருந்த இடத்தைவிட அதிக இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிட்டது.

ஊடுருவும் எண்ணெயை மேலிருந்து விட்டு ஒரு இரவு விடுங்கள். மறுநாளும் விடுங்கள். பிறகு பெரிய பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து டிரம்மின் வெளிப்பக்கம் மட்டும் சுற்றிச் சுற்றி ஊற்றுங்கள். ஒரு டிகிரிச் சூட்டுக்கு அலுமினியம் பத்து லட்சத்தில் 23 பங்கு விரியும், வெண்கலம் 18, துருப்பிடிக்காத எஃகு 16 அல்லது 17. ஆகவே டிரம் அதிகம் விரிந்து இடைவெளி பிறக்கும். சூடு ஆறுவதற்குள் மரச் சுத்தியலால் டிரம்மின் பக்கவாட்டில் சுற்றி மெதுவாகத் தட்டி, இரு கையாலும் திருகியபடி தூக்குங்கள். வரவில்லையென்றால் ஆறவிட்டு மறுபடியும் எண்ணெய், மறுபடியும் வெந்நீர். கேஸ் விளக்கின் நெருப்பைக் காட்டவே கூடாது. அலுமினியம் தன் உறுதியை இழக்கும், உள்ளிருக்கும் பிளாஸ்டிக் உருகும். இரும்புக் கடப்பாறையை அடியில் கொடுத்து நெம்பினால் டிரம்மின் விளிம்பு உடையும். பிறகு அந்த விளிம்பு கயிற்றை அறுக்கும்.

கோட்டார் லேத்

நாக்கை நாங்கள் செய்து தருவோம். உடைந்ததையும் உடையாததையும் சேர்த்துக் கொண்டு வாருங்கள். இஎன்8 எஃகில் வெட்டி, நுனியைக் கடினமாக்கித் தந்தால் உங்கள் காலம் முழுவதும் உழைக்கும். பித்தளையிலும் செய்யலாம், அறுப்பதற்கும் எளிது, துருவும் பிடிக்காது.

இயந்திரவியல் ஆசிரியை

லேத் அண்ணாச்சியின் கை வேலையை மதித்தே சொல்கிறேன், இரண்டு உலோகமும் வேண்டாம்.

இஎன்8 கார்பன் எஃகு. வலிமை உண்டு, ஆனால் கடல் தண்ணீரில் துருப்பிடிக்கும். துரு உப்பி, நாக்கு தன் பள்ளத்திலேயே இறுகும். எதற்காகப் புதியது செய்தோமோ அதே நோய் திரும்ப வரும். பித்தளையில் துத்தநாகம் கலந்திருக்கிறது. கடல் தண்ணீர் அந்தத் துத்தநாகத்தை மெல்ல மெல்ல உருவிவிடும். மிஞ்சுவது சிவந்த, துளைவிழுந்த செம்பு. பார்க்க முழுதாக இருக்கும், பாரம் ஏறும்போது பொடியும். கடையில் கன்மெட்டல் என்று சொல்லிப் பித்தளையைத் தந்துவிடுவதும் உண்டு. உண்மையான கன்மெட்டல் என்றால் செம்பு 88, வெள்ளீயம் 10, துத்தநாகம் 2 என்ற விகிதத்தில் இருக்கும்.

நாக்குக்கு அலுமினிய வெண்கலம் நல்லது. அல்லது 17-4 பிஎச் வகைத் துருப்பிடிக்காத எஃகு. பழைய நாக்கின் மேல் காந்தத்தையும் அரத்தையும் வைத்துப் பார்த்தால் அது எந்த வகை என்று ஓரளவு புலப்படும். அதே வகையில் செய்வதே பாதுகாப்பு. பல் வளையத்தைவிட நாக்கு மிகக் கடினமாக இருந்தால் வளையம் தேயும். வளையம் டிரம்மோடு சேர்ந்தது, அதை மாற்ற முடியாது.

ஸ்பிரிங்குக்குப் பியானோ கம்பி கூடாது. 302 அல்லது 316 வகைத் துருப்பிடிக்காத எஃகு ஸ்பிரிங் கம்பி கேட்டு வாங்குங்கள்.

கோட்டார் லேத்

அக்கா சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன். விசைப்படகின் புரொப்பல்லர் தண்டுக்குப் புஷ் கடைந்து கொடுத்த பழக்கத்தில் வலிமையை மட்டும் பார்த்தேன். அலுமினிய வெண்கலத் தண்டு ஒரு துண்டு பட்டறையில் இருக்கிறது. அதிலேயே செய்துவிடலாம்.

ஒன்றை மட்டும் நான் அழுத்திச் சொல்ல வேண்டும். உடைந்த ஒரு நாக்கை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். எதிரெதிரே நின்று பாரத்தைப் பங்கு போடும் நாக்குகளை ஜோடியாகத்தான் செய்ய வேண்டும். புதியது அரை மில்லிமீட்டர் நீளம் கூடியிருந்தாலும் பாரம் முழுவதும் அதன் மேலேயே விழும். மற்றது பல்லைத் தொட்டும் தொடாமலும் சும்மா நிற்கும். இரண்டையும் ஒரே பிடியில் வைத்து ஒரே தடவையில் அறுத்தால்தான் அளவு ஒத்துப்போகும். பழைய நாக்குகளில் முனை மழுங்கியவற்றை அரத்தால் தேய்த்துக் கூராக்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. தேய்த்தால் நீளம் குறையும், அதே கோளாறுதான். வெடித்த பேரிங் கூட்டையும் கொண்டு வாருங்கள், டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் கட்டையில் கடைந்து பார்க்கிறேன்.

முட்டம் பாய்க்காரன்

கறுப்பு வின்ச் வந்துவிட்டது! மூன்றாவது முறை வெந்நீர் ஊற்றியபோது உள்ளே ஏதோ விடுபடும் சத்தம் கேட்டது. திருகிக்கொண்டே தூக்கினோம், வெள்ளைத் தூள் கொட்டியபடி மேலே வந்தது. டிரம்மின் உட்புறத்தில் சிறு சிறு அரிப்புக் குழிகள் இருக்கின்றன, ரோலர் ஓடும் பாதையில் மட்டும் இல்லை. நாக்குகள் நான்கும் முழுதாக இருக்கின்றன. அடித்தட்டின் ஸ்குரூ ஒன்று மட்டும் அலுமினியத்தோடு ஒன்றாகிவிட்டது, தலை வழுக்கிவிடும் போலிருக்கிறது.

நாக்குகளை லேத் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டேன். இரண்டு கேள்விகள். வெண்கல டிரம்மில் ஒரு இடத்தில் குரோம் உரிந்திருக்கிறது, அப்படியே பயன்படுத்தலாமா? கைப்பிடியும் ஒன்றுதான் இருக்கிறது. பேரியன்ட் இப்போது தயாரிப்பில் இல்லை என்கிறார்கள். அதற்கான கைப்பிடியை எங்கே தேடுவது?

தூத்தூர் கடலோடி

கைப்பிடிக்குக் கவலை வேண்டாம். வின்ச் தலையில் உள்ள எட்டு முனை நட்சத்திரக் குழியின் அளவு பெரும்பாலான கம்பெனிகளுக்கும் பொதுவானது, 11/16 அங்குலம். அவற்றில் எந்தக் கம்பெனியின் கைப்பிடியும் பொருந்தும். வாங்கும்போது குழிக்குள் பூட்டிக்கொள்ளும் வகையாகப் பாருங்கள். பூட்டு இல்லாதது ஒரு அலை அடித்தால் கடலுக்குப் போய்விடும்.

குரோம் உரிந்த இடத்தை நகத்தால் தடவுங்கள். விளிம்பு நகத்தில் மாட்டினால் அது கயிற்றின் நாரை அறுக்கும். விளிம்பை மெல்லிய உப்புத்தாளால் தட்டையாக்கினால் போதும், அடியில் இருக்கும் வெண்கலத்துக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் டிரம் முழுவதையும் கண்ணாடியாகப் பளபளப்பாக்கிவிடாதீர்கள். கயிறு பிடிப்பதே அந்தச் சொரசொரப்பால்தான்.

மாட்டிய ஸ்குரூவுக்கு அடித்துத் திருகும் இம்பாக்ட் டிரைவர், அதற்கு முன் வெந்நீர். திரும்பப் பூட்டும்போது அலுமினியத்தில் இறங்கும் ஒவ்வொரு எஃகு ஸ்குரூவுக்கும் டியூரலாக் போன்ற உலோகப் பிரிப்புப் பசை தடவுங்கள். செம்புத்தூள் கலந்த பசையை அலுமினியத்தில் பயன்படுத்தக் கூடாது, அரிப்பைக் கூட்டும்.

பூட்டும்போது நாக்கு எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை உங்கள் படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தலைகீழாகப் போட்டாலும் சில மாடல்களில் உட்கார்ந்துவிடும், ஆனால் பிடிக்காது. ஒவ்வொரு நாக்கையும் விரலால் உள்ளே அழுத்தி விடுங்கள். தயங்காமல் சட்டென்று வெளியே தெறிக்க வேண்டும். ஒன்று சோம்பலாக எழுந்தாலும் மறுபடி கழுவுங்கள். டிரம்மை இறக்கும்போது வலஞ்சுழியாகத் திருப்பிக்கொண்டே இறக்கினால் நாக்குகள் தாமாக மடங்கி வழிவிடும். மேல் மூடியைப் போடுவதற்கு முன் கையால் சுற்றி, சத்தம் தெளிவாகவும் சீராகவும் இருக்கிறதா என்று கேளுங்கள். பின்னோக்கித் திருப்பினால் உடனே கல்லாக நிற்க வேண்டும். இரண்டு வேகத்திலும் பாருங்கள்.

படகில் பொருத்தும்போது ஃபைபர் தளத்தின் அடியில் தடித்த தாங்குத்தகடு வைத்து முழு போல்ட் போட வேண்டும், வெறும் ஸ்குரூ பிடுங்கிக்கொள்ளும். தாமான் டிரம்முக்குக் கீழிருந்து சற்று மேல்நோக்கி, சுமார் 5 முதல் 8 டிகிரி சாய்வில் வந்து சேர வேண்டும். மட்டமாகவோ மேலிருந்தோ வந்தால் சுற்றின் மேல் சுற்று ஏறிப் பூட்டிக்கொள்ளும். காற்றடிக்கும்போது அப்படிப் பூட்டிய தாமானை இளக்க முடியாமல் படகு சாய்ந்துகொண்டே போகும். கயிறு எப்போதும் வலஞ்சுழியாக, பாரத்துக்கு ஏற்ப மூன்று அல்லது நான்கு சுற்று.

கச்சான் காற்று ஐயாவுக்கு ஒரு செய்தி. அபிலாஷ் டோமி 2012-13இல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றி வந்த ஐஎன்எஸ்வி மாதேய், கோவாவில் கட்டிய பாய்ப்படகுதான். பாயைப் பரணில் போடாதவர்கள் நம் நாட்டிலும் இருக்கிறார்கள்.

கச்சான் காற்று

அறிவேன் தம்பி. அந்தப் பயணத்தைப் பற்றிப் பத்திரிகையில் வந்ததையெல்லாம் வெட்டி வைத்திருக்கிறேன். முட்டம் தம்பி படகை இறக்கும் நாளில் சொல்லியனுப்பினால் தாமான் பிடிக்க நான் வருகிறேன்.

முட்டம் பாய்க்காரன்

அவசியம் வாருங்கள் ஐயா. லேத் அண்ணாச்சி நாக்குகளைக் கொடுத்துவிட்டார், ஒரு ஜோடியிலும் மயிரிழை வித்தியாசம் இல்லை. வெண்கல வின்ச் பூட்டியாயிற்று. இரண்டு வேகத்திலும் சத்தம் சீராக இருக்கிறது, பின்னோக்கி இழுத்தால் நிற்கிறது. கொட்டகையின் தூணில் கயிற்றைக் கட்டி நன்றாகப் பாரம் கொடுத்தும் பார்த்தேன். கறுப்பு வின்ச்சின் சர்க்கிளிப் மட்டும் எடுக்கும்போது வளைந்துவிட்டது. இனி எத்தனை மாதத்துக்கு ஒருமுறை திறக்க வேண்டும்?

கப்பல் ஃபிட்டர்

வளைந்த சர்க்கிளிப்பை நிமிர்த்திப் போடாதீர்கள். பள்ளத்தின் விட்டத்தையும் அகலத்தையும் வெர்னியரால் அளந்துகொண்டு கடைக்குப் போங்கள், துருப்பிடிக்காத எஃகில் கேளுங்கள்.

கடலுக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும் வின்ச்சின் மேல் நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். வருடத்துக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துக் கழுவ வேண்டும். நடுவில் ஒருமுறை டிரம்மை மட்டும் தூக்கி நாக்குக்கு எண்ணெய் விட்டால் இன்னும் நல்லது. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அப்போது விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் பட்டறையும் கையுமாக இருப்பார்கள், உங்கள் வருடாந்தர வேலையையும் அதிலேயே வைத்துக்கொள்ளலாம்.

சின்னமுட்டம் விசைப்படகு

எங்கள் பக்கம் கிழக்குக் கரைக் கணக்கு, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. ஜூன் பாதிக்கு மேல் எங்கள் ஃபிட்டர்கள் ஓய்வாகிவிடுவார்கள். உதவி வேண்டுமென்றால் முட்டத்துக்கு அனுப்பிவைக்கிறேன். துருப்பிடிக்காத எஃகு சர்க்கிளிப் பல அளவில் என் பெட்டியில் கிடக்கிறது, அளவை மட்டும் இங்கே எழுதுங்கள்.

முட்டம் பாய்க்காரன்

அளந்துவிட்டேன் அண்ணா. வெளிப்பக்கம் மாட்டும் வகை, தண்டின் விட்டம் 30 மில்லிமீட்டர், பள்ளத்தின் அகலம் 1.6. இருந்தால் இரண்டு எடுத்து வையுங்கள், நாளை காலை சின்னமுட்டம் வருகிறேன்.